முருங்கன் மண்ணும் அந்தோனியாரின் சாய்வும்

சேசு, மரி, சூசை

கொட்டாஞ்சேனை,
1937 நவம்பர் 14.

அன்பும் பட்சமும் மிக்க மச்சான் இராஜநாயகம் அவர்களுக்கு,

கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த உமது அத்தான் கொன்ஸ்ரன்ரைன் எழுதிக்கொள்வது. நானும் உமது அக்கா மாக்ரெட்டும் மகள் டோரினும் தேவகிருபையால் சுகம். முருங்கனில் உமது சுகமும், வயலின் சுகமும், கட்டுக்கரைக் குளத்தின் சுகமும் அறிய ஆவல். எங்கள் வீட்டு அந்தோனியார் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீர் அனுப்பிய மண்.

ஆனி மாதம் இருபது சாக்குக் கரிய மண்ணை ரயிலில் ஏற்றி அனுப்பினீர். குளத்துத் தண்ணீர் பாய்ந்து நெல்லாய்க் கொட்டுகிற மண் ரோசாவுக்கு என்ன பொல்லாப்புச் செய்துவிடும் என்று நானும் நம்பி, முற்றத்துப் பள்ளத்தை முழங்கால் ஆழத்துக்கு அதனால் நிரப்பி, ஓரத்தில் ஐந்து ரோசாக் கன்று நட்டு, நடுவில் செங்கல் பீடம் கட்டி அந்தோனியார் சுருபத்தை வைத்தேன். ஆவணி வெயிலில் மண் கல்லாக இறுகி வெடித்தது. குனிந்து பார்த்தபோது என் மூக்குக்கண்ணாடி அந்த வெடிப்புக்குள் விழுந்து இன்றுவரை அகப்படவில்லை. மண்ணின் குணம் பற்றி நீர் நாலு பக்கத்தில் எழுதிய கடிதத்தை டோரின்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். புதுக் கண்ணாடி போன கிழமைதான் வந்தது. ஐப்பசி மழையில் அந்தக் கல் தொதல்போலக் குழைந்து சேறானது. வெடிப்பில் பாதி வேர் அறுந்த ரோசாக்கள் ஈரத்தில் மீதியும் அழுகிப்போயின. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சுவாமி ஒரு சப்பாத்தை முற்றத்தில் விட்டுவிட்டு மற்றதோடு கோயிலுக்குத் திரும்பினார்.

பக்கத்துத் தெரு விஞ்ஞான வாத்தியாரைக் கூட்டிவந்து காட்டினேன். பம்பாய்ப் பக்கத்தில் இதே சாயலில் ஒரு கரிய மண் உண்டாம், அது எரிமலைக் குழம்பு ஆறி இற்று உண்டானதாம், உங்கள் முருங்கன் மண்ணுக்கு எரிமலைச் சம்பந்தம் இல்லையாம். உமது அக்காவின் காதில் எரிமலை மட்டும் விழுந்தது. ஒரு போத்தல் தீர்த்தத்தை அந்த இடத்தில் ஊற்றினாள். அந்த இடமும் பொங்கியது.

மூன்று கிழமைக்கு முன் ஒரு காலையில் அந்தோனியார் கிழக்கே சாய்ந்து நின்றார். கிழக்கே இருப்பது நோபேட்டின் வீடு. நோபேட் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற இளந்தாரி. வேலை கொஞ்சம், மண்டலின் வாசிப்பு அதிகம். நான் பலகையை முண்டு கொடுத்து அந்தோனியாரை நிமிர்த்தினேன். மறுநாளும் சாய்ந்தார். ஐந்து தரம் நிமிர்த்தினேன், ஐந்து தரமும் அந்த வீட்டுப் பக்கமே சாய்ந்தார். உமது அக்கா சொல்கிறாள்: “அந்தோனியார் பிள்ளைக்கு மாப்பிள்ளையைக் காட்டுறார். நீங்கள் அவரோட மல்லுக்கு நிக்கிறீங்கள்.” தெருச் சனம் மெழுகுதிரியோடு வருகிறது. கிராண்ட்பாஸிலிருந்து, அந்தோனியாரை நம்புகிற கைருன்னிஸா உம்மாவும் ஒரு போத்தல் எண்ணெயோடு வந்து, “பெரியவர் சொன்னாக் கேளுங்க” என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

டோரினை வெள்ளவத்தை ஹியூபேட்டின் மகனுக்குக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருப்பது உமக்குத் தெரியும். நத்தாருக்கு முந்திய ஆகமன காலம் தொடங்குமுன், இம்மாதம் 25ஆம் திகதி நிச்சயார்த்தம். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி, குனிந்த தலை நிமிராத பிள்ளை. ஹியூபேட் நேற்று வந்தார். சுருபத்தைப் பார்த்தார், நோபேட்டின் ஜன்னலைப் பார்த்தார், தேத்தண்ணீரைத் தொடாமல் தொப்பியை எடுத்தார். “இது அந்தோனியார் செய்யிற புதுமை இல்லையெண்டு சுவாமி சொன்னால்தான் நாங்கள் வருவம்” என்றார். சுவாமியோ, “மண்ணைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் எழுதித் தரட்டும், பிறகு சொல்லுறன்” என்கிறார். டோரினைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறாள். பிள்ளைக்கு வெட்கம் போலும்.

ஆகையால் மச்சான், என் வாக்கு உமது கையில்தான் இருக்கிறது. இந்த மண் தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும், தன்மேல் நிற்பது வேலிக்கட்டையோ அர்ச்சியசிட்டவரோ என்று பேதம் பாராமல் சரிக்கும் என்று தெளிவாக எழுதி, நீரும் உங்கள் ஊர்த் தலைவர் விதானையாரும் கையொப்பமிட்டு உடனே அனுப்பவும். ஒரு சந்தேகமும் உண்டு. இந்தக் கிழமை மழை ஒரு துளி இல்லை. ஆனாலும் பீடத்தின் மேற்குப் பக்க மண் மட்டும் பொங்கிக்கொண்டே போகிறது. உமது வயலில் இப்படிக் கண்டதுண்டா?

வானம் உமது வயலை மறவாதிருக்கவும், மாதா உம்மையும் பெண்சாதி பிள்ளைகளையும் தன் முக்காட்டுக்குள் வைத்திருக்கவும் மன்றாடும்,

உமது அத்தான்,
கொன்ஸ்ரன்ரைன்.

பி.கு.: நேற்று ஞாயிறாகையால் கடிதம் தபாலில் சேரவில்லை. இன்று காலை பெட்டியில் போடக் கிளம்பியபோது டோரின் முற்றத்தில் வாளியோடு நின்று பீடத்தின் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?”

“தண்ணி விட்ட பக்கம் பொங்கும், மேல நிக்கிறது மற்றப் பக்கம் சரியுமெண்டு மாமா எழுதினவர். உங்களுக்கு வாசிக்கேக்க அந்த வரியை விட்டிட்டன்.”

மூன்று கிழமையாக, நாளுக்கு எட்டு வாளி, தெருமுனைப் பைப்பிலிருந்து சுமந்திருக்கிறாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நோபேட்தான் வேணுமென்றால் என்னிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“மூண்டு தரம் சொன்னனான், அப்பா. மூண்டு தரமும் நீங்கள் மண்ணைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அத்தாட்சி வேண்டாம், மச்சான். இன்றே வெள்ளவத்தைக்குப் போய் ஹியூபேட்டிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். உமது அக்காவுக்கு இதில் ஒரு சொல்லும் எழுதிவிடாதேயும். பிள்ளைக்குக் கை நோகிறதாம். மிச்சம் இருந்த இரண்டு வாளியையும் நான்தான் ஊற்றினேன்.