நீலக் கதவுக்காகத் திருகியது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். இங்கேயும் அப்படித்தான், எல்லோரும் நலம். லீவு கேட்டு நீ வேலை பார்க்கும் குடும்பத்திடம் கெஞ்ச வேண்டாம். இங்கே யாரும் உன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. உன் பாஸ்போர்ட்டை ஆறு வருஷமாகப் பூட்டி வைத்திருக்கும் அவருடைய பிள்ளைகள், கம்ப்யூட்டரை மட்டும் தாராளமாக வெளியே விட்டிருக்கிறார்கள். நீ எழுதிய மாதிரியே டிவியில் மாட்டி, நீ அதில் வரைந்து பதிந்து அனுப்பிய கேசட்டைப் போட்டோம். நீ வரைந்த நம் வீடு வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில், லிஃப்ட் மாதிரி மேலே ஏறிக்கொண்டே. ஏறுவதை டிவி மெக்கானிக் நிறுத்திவிட்டார். நிறம்தான் வரவில்லை. "அந்த நாட்டு மெஷின் கலரை ஒரு கணக்குல அனுப்புது, நம்ம டிவி வேற கணக்குல எதிர்பார்க்குது. ரெண்டும் பேசிக்காது" என்றார். உலகத்துக்கு ஒரே மாதிரி டிவி போதும் என்று பெரிய மனுஷர்கள் யாருக்கும் தோன்றவில்லை பார். வேலைக்கு ஆள் மட்டும் எந்த நாட்டிலிருந்து போனாலும் அவர்கள் வீட்டுக்குப் பொருந்திவிடுகிறது, நடுவில் கணக்கை மாற்றும் பெட்டி எதுவும் மாட்ட வேண்டியதில்லை.

நான் விட்டுவிடலாம் என்றேன். அப்பா விடவில்லை. "புள்ள கலர் பென்சில் கேட்டப்போ வாங்கித் தரல. இப்ப அவளே கலர்ல வரைஞ்சு அனுப்பியிருக்கா. அதையும் பாக்கலைன்னா எப்படி?" என்று மூன்று வாரம் மெக்கானிக் கடை வாசலிலேயே நின்றார். கடைசியில் கப்பலில் வேலை பார்த்த யாரோ விற்ற டிவி ஒன்று அகப்பட்டது. எல்லா நாட்டுக் கணக்கும் தெரிந்த டிவி. நிறத்தை மாற்றுவதற்கென்றே அதில் ஒரு குமிழ் கூடுதலாக இருந்தது.

கலர் வந்தது. வந்ததும் அப்பா, "கதவு சிவப்பா இருக்கு. தப்பு. நம்ம கதவு நீலம்" என்றார். மெக்கானிக் குமிழைத் திருகினார். அது போதாமல் பின்மூடியைக் கழற்றி உள்ளே ஏதோ ஒரு திருகையும் திருப்பினார். கதவு நீலமாயிற்று. மரம் ஆரஞ்சாகிவிட்டது. வாசலில் நீ வரைந்திருந்த அம்மா கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டாள்.

"எனக்கு என்ன வியாதி?" என்றாள் அம்மா.

"கதவு சரியா இருக்குல்ல, அதப் பாரு" என்றார் அப்பா.

இப்படியே நாலு நாள். மெக்கானிக் பொறுமை இழந்து எல்லாவற்றையும் பழையபடி வைத்தார். மரம் பச்சை, அம்மா அம்மா நிறம், கதவு சிவப்பு. "ஐயா, கதவுக்கு மட்டும் தனியா குமிழ் எந்தக் கம்பெனியும் வைக்கல."

அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். கதவைக் கீல் பக்கம் சுரண்டிவிட்டு வந்து நகத்தைக் காட்டினாள். மேலே நீலம், அடியில் சிவப்பு.

நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டுச் சொந்தக்காரர், வரிசையில் இருக்கிற எட்டு வீட்டுக்கும் யாரையும் கேட்காமல் ஒரே நீலத்தை அடித்தார். அது எங்களுக்கு மறந்தே போச்சு அக்கா. தினம் திறந்து மூடுகிற எங்களுக்கு மறந்து போச்சு, யார் வீட்டையோ துடைச்சிக்கிட்டு இருக்கிற உனக்கு ஞாபகம் இருக்கு. அப்பா டிவியில் இருந்த கதவைப் பார்த்தபடியே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

இனி இந்த மாதிரிப் பழைய சாமான் எதுவும் அனுப்பாதே. பெரியவரைத் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள். அம்மாவும் அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அப்பா பிரஷ்ஷும் சிவப்பு பெயின்ட்டுமாக வந்து கதவில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். சொந்தக்காரர் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டுய்யா அடிக்கிற?"

"எட்டும் ஒரே மாதிரி இருந்தா எம் பொண்ணு தாண்டிப் போயிடுவா."

"எப்ப வர்றா?"

அப்பா பிரஷ்ஷை மறுபடி பெயின்ட்டில் தோய்த்தார். மாசக் கடைசிக்குள் நீலம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி பண்ண வேண்டுமாம். இந்தக் கடிதத்தின் முதல் பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் படி. பாஸ்போர்ட்டைக் கேள், கெஞ்சியாவது கேள். மாசக் கடைசி வரைக்கும் கதவு சிவப்பாகத்தான் இருக்கும்.