உலைக்குப் பக்கத்து வீடு

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், கமலநாதன் வீட்டு ஹாலில், அந்தச் சனிக்கிழமை காலை கூடியிருந்தவர்கள் வருமாறு: அறிவியல் மன்றத் தலைவர் டொமினிக், காற்றாடிக்கு நேர் கீழே, கமலநாதனின் சாய்வு நாற்காலியில். கிள்ளானிலிருந்து வந்த வெரோனிகா, சோபாவின் இடப்பக்கம். அவருடைய கைப்பை, வலப்பக்கம். சுங்கை வேயிலிருந்து வந்த அய்யாவு, சாப்பாட்டு மேசையருகே ஒரு நாற்காலியில் தானும் இன்னொன்றில் கால்களுமாக. வீட்டுக்காரரும் மன்றச் செயலாளருமான கமலநாதன், அரிசி வாளியின் மேல். அவர் மனைவி அமுதவள்ளி அடுப்படியில், நின்றபடி.

கூட்டத்தை வீட்டுக்கு வீடு மாற்றி வைப்பதாகத்தான் முதலில் பேச்சு. கமலநாதனின் முறை வந்தது, வந்தது போகவில்லை.

செவ்வாய்க் கிரகத்தில் நூறு பேர் குடியேறினால் அவர்களுக்கு மின்சாரம் எப்படிக் கொடுப்பது என்று ஒரு திட்டப் போட்டி. அன்றுதான் கடைசி நாள். எல்லோர் கையெழுத்தோடும் மதியத்துக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு இதையே திருத்தி எழுதலாம், இதே வீட்டில் கூடலாம் என்று டொமினிக் சொல்லியிருந்தார். கமலநாதனுக்கு உடம்பெல்லாம் அசதி. மின்சார வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இப்போது வேண்டியதெல்லாம் அவருடைய நாற்காலி.

கணக்கு எளிதாகப் புரியட்டும் என்று, வரைபடத்தில் இருந்த வீடுகளுக்கு உறுப்பினர்களின் பெயரை எழுதியிருந்தார். அதில் ஆரம்பித்தது வினை.

"புழுதிப் புயல் வந்தா வாரக்கணக்குல வெயில் இருக்காது. சூரியத் தகடு படுத்துடும்," என்றார். "அப்ப சில வீட்டுக்குக் கரண்டைக் குறைக்கணும். எந்தெந்த வீடுன்னு சொல்லிட்டா கையெழுத்துப் போட்டுடலாம்."

"என் வீட்டுல கை வைக்காதீங்க," என்றார் வெரோனிகா. "கிறிஸ்மஸ் கேக்கு பாதி வெந்துகிட்டு இருக்கும்."

"உங்க ஓவன் ஓடும், எங்க கோயில் மைக் செட் ஓடக் கூடாதா?" என்றார் அய்யாவு.

"வரைபடத்துல கோயிலே இல்லையே, அய்யாவு," என்றார் கமலநாதன்.

"நூறு பேரு இருக்காங்க, கோயில் இல்லாமலா? என்னா பேசறீங்க லா!"

கோயில் வரையப்பட்டது. தலைவர் வீட்டில் குறைப்பது மரியாதையாக இருக்காது என்று டொமினிக்கே எடுத்துச் சொன்னார். யார் வீட்டிலும் குறைப்பதில்லை என்று ஒருமனதாக முடிவானது. கமலநாதன் பேட்டரிகளைக் கூட்டினார்.

"சரி. இது தாங்கும். போடுங்க கையெழுத்தை."

"தீபாவளி ஓப்பன் ஹவுஸ் அன்னைக்கு?" என்றார் அய்யாவு. "நூறு பேரும் ஒரே வீட்டுக்கு வருவாங்க. ஏர்கோன் போடணும்."

"அங்க வெளியே பயங்கரக் குளிர்."

"உள்ள நூறு பேரு உக்காந்து பாருங்க."

கமலநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். ஏர்கோனையும் சேர்த்தார். புயலும் தீபாவளியும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று வெரோனிகா கேட்டார். பேட்டரி போதவில்லை.

"அப்ப ஒரு சின்ன அணு உலை வைக்க வேண்டியதுதான்," என்றார் கமலநாதன்.

அய்யாவு காலைக் கீழே இறக்கினார்.

"எங்க வைப்பீங்க?"

"தலைவர் வீட்டுக்குப் பின்னால காலி இடம்—"

டொமினிக் சாய்வு நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். "என் பேரப் பிள்ளைங்க விளையாடற இடம்!"

"ஒரு கிலோமீட்டர் தள்ளி வச்சா பயமில்ல."

வரைபடத்தில் உலை நகரத் தொடங்கியது. அய்யாவு வீட்டுப் பக்கம் போய், கோயிலுக்கு ஆகாது என்று திரும்பியது. வெரோனிகா வீட்டுப் பக்கம் வந்ததும் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். கடைசியில் ஆள் அரவமில்லாத ஒரு மூலையில் நின்றது.

"அங்கயே தங்கி ஒருத்தர் பாத்துக்கணும்," என்றார் கமலநாதன் களைப்பாக. "கரண்டு தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

எல்லோரும் அரிசி வாளியைப் பார்த்தார்கள்.

"நானா? அவ்வளவு தூரத்துலயா? ஒருத்தரும் வந்து போகக்கூட முடியாதே!"

"எப்படி வரது, சொல்லுங்க?" என்றார் அய்யாவு. "ஊருக்கு வெளிய செமினில வீடு வாங்குன என் மச்சானையே நான் இன்னும் போய்ப் பாக்கல. இதுல கதிர்வீச்சு வேற."

"அப்ப, மன்றக் கூட்டம்?" என்றார் கமலநாதன்.

டொமினிக் நெகிழ்ந்துபோனார். நாற்காலியின் முதுகைத் தடவினார். "நமக்காக ஒரு மனுஷன் எவ்வளவு பெரிய தியாகம் பண்றாரு. இனிமே அவரைத் தொந்தரவு பண்றது பாவம். செவ்வாயை விடுங்க, அடுத்த சனிக்கிழமையிலேருந்தே கூட்டம் என் வீட்டுலதான். எழுதிக்குங்க, கமலநாதன்."

"இருக்கட்டும்ண்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"எழுதுங்கன்னா எழுதுங்க."

கமலநாதன் நீண்ட பெருமூச்சு விட்டு எழுதினார். உலை வீட்டு எல்லைக்குள் மன்றத்தார் எவரும் நுழையலாகாது என்ற விதியையும் தலைவர் சொல்லச் சொல்லச் சேர்த்தார். மூவரும் கண்கலங்கிக் கையெழுத்திட்டார்கள். வெரோனிகா மட்டும், பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, கமலநாதனிடமிருந்து சற்றுத் தள்ளியே நின்றார்.

தபால் நிலையக் கதவு பாதி சாத்தியிருந்தபோது கமலநாதனும் அமுதவள்ளியும் போய்ச் சேர்ந்தார்கள். அவர் உறையின் வாயில் பசை தடவி, ஓரம் ஓரமாக விரலால் அழுத்தி ஒட்டினார். முகப்பில் இருந்த பெண் தேதி முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.

அமுதவள்ளி கேட்டாள்:

"ஏங்க, மண்ணுக்குள்ள புதைச்சிட்டா உலையை எல்லார் வீட்டுக்கும் பக்கத்துலயே வச்சுக்கலாம், யாரும் தனியாப் போக வேண்டியதில்லன்னு நேத்து என்கிட்ட வரைஞ்சு காட்டினீங்களே, அதை ஏன் அவங்ககிட்ட சொல்லல?"