பழைய கர்னலும் சாத்திய கதவும்

காலை ஆறு மணிக்குக் கணினி வழக்கம்போல வாத்தியாரைத் திட்டி எழுப்பியது.

"ஏங்க, எழுந்திரிங்க! அந்தக் கட்டிலும் பாவம்தானே, அதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணாமா?"

மனைவியின் குரல். தினமும் தொண்டை கிழியக் கத்துவதற்குப் பதில் ஒரே ஒரு முறை பதிவு செய்து, பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைத்திருந்தாள். அவள் கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகியும் அது ஒரு நாள் லீவு போட்டதில்லை.

அன்று அவர் பல் தேய்த்துவிட்டு வந்தபோது திரையில் ஒரு செய்தி: புதிய கர்னல் தயார்.

கர்னல் என்றால் என்னவென்று அவள்தான் ஒருமுறை விளக்கினாள். "கணினிக்கு அது, இந்த வீட்டுக்கு நான் மாதிரி. இருக்கறது கண்ணுக்குத் தெரியாது. இல்லேன்னா ஒரு வேலையும் நடக்காது."

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலையில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவளே அதைப் புதுப்பிப்பாள். இரண்டு மணி நேரம் உள்ளே முணுமுணுப்பு கேட்கும். இயந்திரத்தோடு பேசியே வழிக்குக் கொண்டுவருகிறாள் என்று வாத்தியார் வெளியே பூரித்துப்போவார். கடைசியில் வியர்வையைத் துடைத்தபடி வந்து, பிரசவம் பார்த்த டாக்டர் போல, "ம், முடிஞ்சுது" என்பாள்.

இத்தனை நாள் அதைத் தொட அவருக்குத் துணிவு வந்ததில்லை. அன்று வந்தது. அழுத்தினார்.

கணினி அணைந்து எழுந்தது. சோதித்துப் பார்க்க அவள் குரலை ஒலிக்கவிட்டார். திரையில் கோடுகள் ஆடின; சத்தம்தான் வரவில்லை.

மைத்துனனுக்குப் போன் போட்டார். கட்டட என்ஜினியர். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"அத்தான், பழைய கர்னல் உள்ளே இருக்கா?"

"இருக்கு மாப்ளே. புதுசுக்குப் பக்கத்துலயே."

"அதான் கோளாறு. ஒரே நாற்காலியில ரெண்டு ஹெட்மாஸ்டர் உக்காந்தா ஸ்கூல் உருப்படுமா? பழசை அழிங்க."

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவருக்கு அது நியாயமாகப் பட்டது. அழித்தார். மறுபடி கிளப்பியதில் வைஃபையும் போனது.

"நல்ல அறிகுறி, அத்தான்."

"அதெப்படி மாப்ளே?"

"வியாதி வெளியே வருதுல்ல? நான் சொல்றதை அப்படியே அடிங்க."

ஒவ்வொரு எழுத்தாக அவன் சொல்ல, ஒற்றை விரலால் இவர் அடித்தார். திரை இருண்டது.

"இப்ப என்ன தெரியுது?"

"என் மூஞ்சி தெரியுது."

"அத்தான், சைட்டுக்கு சிமெண்ட் லாரி வந்துடுச்சு. அப்புறம் கூப்பிடறேன்."

மனைவியின் படங்கள் வீடு முழுக்க இருந்தன. எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைத் திட்டுவதற்கு அந்தக் குரல் ஒன்றுதான் இருந்தது.

கணினியைக் குளியல் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல இரண்டு தெரு சுமந்துபோய்ப் பழுது பார்க்கும் கடையில் இறக்கினார். கடைக்காரப் பெண் கொண்டையில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தாள்.

"பழைய கர்னல் எங்க சார்?"

"அழிச்சுட்டேன்."

"கடைசியிலயா?"

"முதல்லயே."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "புதுசு தகராறு பண்ணினா எழுப்பறதுக்குத்தான் சார் பழசை விட்டு வெக்கிறது. போனாப் போகுது, உங்க ஃபைலெல்லாம் பத்திரமாத்தான் இருக்கு."

ஒரு பென்டிரைவைச் சொருகிப் பழைய கர்னலைத் திரும்ப ஏற்றினாள். அரை மணி நேரத்தில் திரை வெளுத்தது. வாத்தியார் விரலால் காட்டியதை அழுத்தினாள்.

"ஏங்க, எழுந்திரிங்க!"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரப் பெண்ணின் கை அப்படியே நின்றது.

"சார், இந்தக் குரல்..."

"என் சம்சாரம்மா. அவ இருந்திருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது. தனி ஆளா உக்காந்து முடிச்சிடுவா. கர்னல் அவளுக்கு அத்துப்படி."

அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மூணு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, முதல் வேலையாப் பழைய கர்னலை அழிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுவாங்க சார். 'மெதுவாப் பேசும்மா, எனக்கு எல்லாம் தெரியும்னு இங்க ஒருத்தர் நம்பிட்டிருக்காரு'ம்பாங்க."