பதினாறுக்குப் பதினாறு

என் வீட்டில் என் பேச்சும் எடுபட வேண்டும் என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எனக்கு ஒரு காய்ச்சலாவது வந்திருக்கலாம். வந்திருந்தால், பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் நிற்கும்போது இன்றைக்கும் தலையை நிமிர்த்தி நின்றிருப்பேன்.

எங்களுக்கு வீட்டின் பின்னால் கொஞ்சம் நிலம். ஒரு மாடு, இரண்டு ஆடு, கம்பிவலை அடித்த ஒரு கோழிக்கூடு. மாடும் ஆடும் எல்லார் வீட்டிலும் இருப்பவைதான். கோழிதான் விசேஷம். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் பொன்னிறப் புள்ளி. பழைய இனம். கலப்பில்லாமல் இதை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் எங்களை விட்டால் யாரும் இல்லை. எங்களை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. வைத்திருப்பது என் மனைவி. நான் கூடு கழுவுகிறவன்.

இருபது வருஷம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தேன். அதை மூடினார்கள். வீட்டோடு வந்து சேர்ந்தேன். தகரத் துண்டை வைத்துக்கொண்டு கோழி எச்சம் சுரண்டுவது என் இலாகா ஆனது. மற்ற இலாகாக்கள் எல்லாம் அவளிடம். எந்த முட்டையை அடைக்கு வைப்பது, எந்தச் சேவலை நிறுத்திக்கொள்வது, எந்தக் குஞ்சை யாருக்குக் கொடுப்பது, எல்லாம் அவள்தான். கோழி கேட்டு வருகிறவர்கள் கதவைத் திறந்த என்னைத் தாண்டிப் பார்த்து, "அம்மா இல்லையா?" என்பார்கள். நான் ஒதுங்கி நிற்பேன். ஒரு திங்கட்கிழமை ஒருவர் என் கையிலிருந்த தகரத்தைப் பார்த்துவிட்டு, "இங்க எத்தனை நாளா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா" என்றேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷம்.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. பாட்டு டீச்சர் வந்தார். அடுத்த தெரு. முன்னறையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லித்தருகிறவர்.

"எட்டு பெட்டை வேணும்" என்றார். "முட்டைக்குத்தான். சேவல் ஒண்ணுகூட வேண்டாம். நான் ஒரு சுருதியில ஆரம்பிக்க, அது ஒரு சுருதியில ஆரம்பிச்சா, பிள்ளைங்க அது பின்னாடி போயிடும்."

அப்போது எங்களிடம் ஒரு மாதக் குஞ்சுகள் பதினாறு இருந்தன. பதினாறும் ஒரே அச்சு.

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் டீச்சர்" என்றாள் என் மனைவி. "எங்க கோழிக்குக் கொண்டை லேட்டாத்தான் தெரியும். பெட்டை எது, சேவல் எதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"நான் சொல்லுவேன்" என்றேன்.

மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள்.

"எதைச் சொல்லுவீங்க?"

"எது பெட்டை, எது சேவல்னு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லாரி உள்ளே வரும்போதே எத்தனை டன்னுன்னு சொன்ன கண்ணு இது."

"அப்பா, லாரியில பெட்டை இருக்கா?" என்றாள் மகள்.

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டேன்.

"நாளைக்கே எட்டு பெட்டை உங்க வீட்டுக்கு வருது டீச்சர். என் பொறுப்பு."

என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படித் துடைத்தால் ஒரு தீர்ப்பு வரும்.

"சரிங்க. நீங்க பொறுக்கற எட்டும் பெட்டையா இருந்தா, கோழி விஷயம் மொத்தமும் இனி உங்க கையில. வர்றவங்க முன்னாடி நான் வந்து நிக்கவே மாட்டேன். அதுல ஒண்ணே ஒண்ணு கூவிச்சுன்னு வச்சுக்குங்க..."

"வச்சுக்கறேன்."

"அப்புறம் கோழின்னு நீங்க வாயே திறக்கக் கூடாது. சுரண்டறதோட சரி. சாகற வரைக்கும்."

"டீச்சர் சாட்சி" என்றேன், வீராப்பாக.

அன்று சாயங்காலம் பதினாறு குஞ்சுகளோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். என் முறை அப்போது ரகசியம். இப்போது மானமே போன பிறகு ரகசியம் எதற்கு? குஞ்சை உள்ளங்கையில் மல்லாக்கப் போட வேண்டும். கீச்சுக்கீச்சென்று கத்தித் தீர்த்தால் பெட்டை. வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தால் சேவல். நான் எந்தப் புத்தகத்திலும் இதைப் படிக்கவில்லை. வீட்டு அனுபவம்.

எட்டு கத்தின. எட்டு கிடந்தன. கத்தினவற்றை மூங்கில் கூடையிலும், கிடந்தவற்றை பிளாஸ்டிக் கூடையிலும் போட்டுத் துணியால் மூடினேன்.

"மூங்கில் கூடை டீச்சருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். ஆணையிட்டேன் என்றுதான் எனக்கு ஞாபகம்.

காலையில் அவளே, "நீங்க கூட்டைப் பாருங்க, நான் குடுத்துட்டு வந்துடறேன்" என்று மூங்கில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்கே பாவமாகிவிட்டது. இப்போதே எவ்வளவு பணிவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டரை மாதம் நிம்மதியாகப் போனது. அந்த நாட்களில் தெருவில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. கண்ட பேரிடமெல்லாம், "கோழியா? பாக்கலாம், அடுத்த மாசத்துக்கு அப்புறம் என்கிட்ட வாங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் காலை டீச்சர் தன் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்க பெட்டை ஒண்ணு ரெண்டு நாளா ஒரு மாதிரி சத்தம் போடுது."

"எந்த மாதிரி டீச்சர்?"

வீட்டின் பின்னாலிருந்து துருப்பிடித்த கதவைத் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது.

"இந்த மாதிரி" என்றார் டீச்சர்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எட்டுத் தலையிலும் மிளகாய்ப்பழம் மாதிரி கொண்டை. ஒன்று என்னைப் பார்த்துக் கழுத்தை நீட்டி மறுபடியும் கதவைத் திறந்தது.

"சளி டீச்சர்" என்றேன்.

"எட்டுக்குமா?"

"ஒட்டுவாரொட்டி. நாளைக்கு மருந்து கொண்டு வர்றேன்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன் சார்."

"வீட்ல எதுக்கு டீச்சர்? சின்ன விஷயம்."

வீட்டுக்கு ஓடிவந்து எங்கள் கூட்டைப் பார்த்தேன். சேவல் என்று நான் ஒதுக்கி வைத்த எட்டும் அடக்க ஒடுக்கமாக இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. கொண்டை இருக்கிற இடமே தெரியவில்லை. தினமும் இவற்றின் எச்சத்தைச் சுரண்டியிருக்கிறேன். தலை நிமிர்ந்து தலையைப் பார்த்ததில்லை. எட்டும் பெட்டை.

பாதி தப்பு என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்திருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். பதினாறுக்குப் பதினாறும் தப்பாகச் சொல்ல ஒரு தனி மூளை வேண்டும். அந்த மூளையோடு நான் இருபது வருஷம் லாரி எடை போட்டிருக்கிறேன். எத்தனை பேர் வயிறு எரிந்ததோ.

அன்று சோறு இறங்கவில்லை.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்லையே."

"டீச்சர் வீட்டுக் கோழி எப்படி இருக்காம்?"

"நல்லா இருக்காம். நல்லா இருக்காம்."

"ரெண்டு தடவை சொல்றீங்க?"

யோசித்தேன். வழி ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டில் எட்டுப் பெட்டை, அங்கே எட்டுச் சேவல். கண்ணில் படாமல் இடம் மாற்றிவிட்டால் என் வாக்கு பலித்துவிடும். இங்கே சேவல் இருந்தால், நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லிவிடலாம். இவ்வளவு சுலபமான வழி ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு எடுக்கப் போவார். அதே காலையில் என் மனைவியும், "ஆட்டுக்குக் காலு சரியில்ல, மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று கிளம்பினாள். எல்லாம் கூடிவருகிறது என்று நினைத்தேன்.

சாக்குக்கு நாலாக இரண்டு சாக்கில் பெட்டைகளைப் போட்டு, மூச்சுவிட ஓட்டை வைத்து, சைக்கிளில் மாட்டினேன். வழியில் தையல்காரர் நிறுத்தினார்.

"என்ன மூட்டை?"

"தவிடு."

சாக்கு கொக்கொக் என்றது.

"தவிடு பேசுதே" என்றார்.

"நயம் தவிடு" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

டீச்சர் வீட்டுக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பப்பாளி மரத்தில் ஓர் ஆடு கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியது. நம்ம ஆடு மாதிரியே இருக்கே என்று தோன்றியது. ஆடு என்றால் எல்லாம் ஒரே ஜாடையாகத்தான் இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கண்ணுக்குப் பேர்போனவன் இல்லையா நான்.

முதலில் சேவல்களைப் பிடித்திருக்க வேண்டும். அவசரத்தில் பெட்டைகளை அவிழ்த்துவிட்டேன். பதினாறு கறுப்புக் கோழிகள் நாலு பக்கமும் ஓடின. எட்டுச் சேவல்களுக்கும் புது உற்சாகம் வந்துவிட்டது. ஒன்றைக் காலைப் பிடித்துச் சாக்கில் போட்டால் அடுத்தது சுவர்மேல் ஏறியது. துவைக்கிற கல்லில் முட்டியை இடித்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கை, ஒரு கால். சாக்குக்குள் இருந்த சேவல் கூவியது. வெளியே இருந்த ஏழும் பதில் கூவின.

பின்கதவு திறந்தது. டீச்சர் நின்றார். அவருக்குப் பின்னால், கையில் தேநீர் டம்ளரோடு, என் மனைவி. ஜன்னலில் பாட்டு படிக்க வந்த பிள்ளைகள் ஆறு பேர். அன்றைக்குப் பள்ளி விடுமுறை என்பது எனக்கு மட்டும் தெரியவில்லை.

"சளிக்கு மருந்து கொண்டு வருவீங்கன்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள் மனைவி. "குடுத்தாச்சா?"

"நீ... ஆஸ்பத்திரி..."

"டாக்டர் லீவு. முதல்ல தொட்டியில இருந்து காலை எடுங்க."

எடுத்தேன். செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"என்னங்க இது? கோழி திருடறவன் மாதிரி?"

"திருடலை. மாத்தறேன்."

"எதுக்கு?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினாறும் தப்பு என்று சொன்னேன். எனக்குக் கோழியும் தெரியாது, லாரியும் தெரியாது என்றேன். பந்தயத்தில் தோற்றுவிட்டேன், இனி கோழி என்று வாய் திறக்க மாட்டேன், சுரண்டுவதோடு சரி என்று டீச்சர் முன்னால், ஆறு பிள்ளைகள் முன்னால், ஒற்றைச் செருப்போடு சொன்னேன். அதில் ஒரு சின்னப் பெண் எனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சரி, விடுங்க" என்றாள் மனைவி. "டீச்சர், சேவல் எட்டையும் நாங்க எடுத்துக்கறோம். பெட்டையும் வேண்டாம் உங்களுக்கு. எச்சம் வாருறது பெரிய வேலை. தினமும் காலையில முட்டை உங்க வாசலுக்கு வந்துடும். இவர் கொண்டு வந்து குடுப்பாரு."

"எனக்கு அதுதான் சௌகரியம்" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரொம்ப வருத்தப்படாதீங்க. பாக்கச் சகிக்கல."

"பதினாறுல ஒண்ணுகூட சரியா வரலையே. நான் எதுக்குத்தான் லாயக்கு?"

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "எல்லாமே சரிதாங்க" என்றாள்.

"என்ன சரி?"

"நீங்க பெட்டைன்னு சொன்ன எட்டும் பெட்டைதான். அன்னைக்குக் காலையில நான்தான் குஞ்சுகளைக் கூடை மாத்திப் போட்டேன். டீச்சருக்குப் போனது மத்த எட்டு."

முட்டி வலியோடு எழுந்து நின்றேன். "அப்ப பந்தயத்துல ஜெயிச்சது நான்."

"தோத்துட்டேன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. டீச்சர் சாட்சி."

"ஏன்டி மாத்தின?"

"பின்ன? ஒருவேளை நீங்க சொன்னது சரியா இருந்துட்டா? இளசா இருக்கற எட்டு பெட்டையையும் தூக்கிக் குடுத்துட்டா அப்புறம் இந்த இனம் எங்க இருந்து பெருகும்?"

யோசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்னதை அவள் நம்பியது அந்த ஒரு தடவைதான்.