சுருளாண்டி ஓட்டுக்குப் பீடிங் அடித்த கதை

ஒரு காட்டில், பிறக்கும்போதே சொந்த வீட்டோடு பிறந்த நத்தை ஒருவன் இருந்தான். பெயர் சுருளாண்டி. வாடகை இல்லை, வீட்டு வரி இல்லை. கோடை வந்தால் ஓட்டுக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு மழை வரும்வரை தூங்குவான். அப்படித் தூங்காத நத்தை வெயிலில் காய்ந்து கருவாடாகிவிடும்.

மாசி மாதம் பக்கத்துப் புதர் நத்தை ஈரம்மாள் வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“வீடு நல்லாத்தான் இருக்குண்ணே. சுவரும் தரையும் சேர்ற இடம்தான் மொட்டையா இருக்கு.”

நத்தை ஓட்டில் எது சுவர், எது தரை என்று அவளுக்கே தெரியாது. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து சுருளாண்டியின் கண்ணில் அந்த மொட்டை மட்டுமே பட்டது.

ஓரம் முழுக்க மரப் பீடிங், அதாவது மெல்லிய மரப்பட்டி, அடிக்கக் கரையான் மேஸ்திரியை அழைத்தான். மர வேலைக்குக் கரையானைக் கூப்பிட்டவனை என்ன சொல்வது! நமக்கென்ன, அவன் வீடு.

மேஸ்திரி ஓரத்தின் நீளத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தார்.

“ரன்னிங் அடிக்குப் பன்னிரண்டு தளிர் ஆகும் தம்பி.”

“எனக்கு ஓடுதான் இருக்கு, ஓட்டம் கிடையாதே மேஸ்திரி. நடக்கிற அடிக்கு ரேட் இருக்கா?”

“எல்லாருக்கும் ரன்னிங்தான். அதுவும் உங்க வீட்டுல ஒரு மூலை கிடையாது, பூரா வளைவு. வேஸ்டேஜே பாதி போயிடும்.”

எங்கே போகும் என்று சுருளாண்டி கேட்கவில்லை. மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டே நாள் வேலை” என்றதால் சுருளாண்டி வெளியே வந்து சேம்பு இலைக்கு அடியில் தங்கினான். ரெண்டு நாள் பங்குனி வரை நீண்டது. கீழே அடித்ததும், மேலே வெறிச்சென்று இருக்கிறது என்றார் மேஸ்திரி. மேலேயும் அடித்ததும், நடுவில் ஒரு வரி ஓடினால் எடுப்பாக இருக்கும் என்றார். சுருளாண்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சேர்த்து வைத்திருந்த தளிரெல்லாம் தீர்ந்தது.

வேலை முடிந்தது. உள்ளே ஒரே பளபளப்பு. சுருளாண்டி ஆசையாக நுழைந்தான். தலை போனது, உடம்பு போகவில்லை.

“மேஸ்திரி, நான் எங்க இருக்கிறது?”

“குடியிருக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே! பிரிச்சு எடுத்துரலாம். அதுக்கும் ரன்னிங் அடிதான்.”

சித்திரை வெயில் ஏறியது. சுருளாண்டிக்கு அழுகை வந்தது. காய்ந்து சாவதைவிட, காடே சிரிக்குமே என்பதுதான் அதிகம் சுட்டது.

அந்த நேரம் பார்த்து ஈரம்மாள் வந்தாள். ஓட்டுக்குள் பார்த்து வாயைப் பிளந்தாள்.

“அம்மாடி! வசதியா இருக்காண்ணே?”

சுருளாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“சொர்க்கம்மா, சொர்க்கம்.”

“அப்புறம் ஏன் வெளிய கிடக்கிறீங்க?”

“பாலிஷ் காயட்டும்னுதான். மேஸ்திரி நம்பர் தரட்டுமா?”

அடுத்த வாரம் ஈரம்மாளும் சேம்பு இலைக்கு அடியில் வந்து சேர்ந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் ஏழு பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் ஒட்டி ஒட்டிப் படுத்ததில் இலையடி ஈரம் காயவே இல்லை. அந்தக் கோடையில் ஒருவர்கூடச் சாகவில்லை.

எதிரே ஒன்பது ஓடுகள் வரிசையாக மின்னின. பாலிஷ் இன்னும் காயவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

நீதி: ஏமாந்துவிட்டால் வெளியே சொல்லாதே. தெரிந்தவர்களுக்கெல்லாம் அதே மேஸ்திரியைச் சிபாரிசு செய்; துணைக்கு ஆள் சேரும்.