நிலாவில் கோமதி

நிலாவில் மனிதன் கால் வைத்ததற்குக் காரணம் விஞ்ஞானிகள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்களுக்குச் சந்திரமண்டலம் அண்ணாச்சியைத் தெரியாது என்று அர்த்தம். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் தறி ரிப்பேர் பார்க்கும் பிட்டராக இருந்தவர் அவர். அவர் கணக்குப்படி விஞ்ஞானி என்பவர் கதை எழுதுகிறவரிடம் வேலை பார்க்கும் ஆள். கதை எழுதுகிறவர் உத்தரவு போடுவார். அவர் காலமாகி, அவருடைய பேரன் பேத்திகளுக்கும் பல் விழுந்த பிறகு, விஞ்ஞானி வேலையை முடித்துவிட்டு, தானே யோசித்த மாதிரி பேட்டி கொடுப்பார்.

சந்திரமண்டலத்துக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஒன்று கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது. அந்த அட்டையை அவரே பார்த்ததில்லை. முதலாளிக்கு அவர் மண்டலம். எங்களுக்கு மண்டலத்தண்ணாச்சி. நான் அப்போது அங்கே சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுவும் மொதல்ல கதையில நடக்கணும்லே. பொறவுதான் வானத்துல நடக்கும்" என்பார்.

"அதுக்கு என்ன ஆதாரம் அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்த திமிர்.

"மொத மொத ராக்கெட்டுக்குக் கணக்குப் போட்ட வெளிநாட்டுக்காரன் எல்லாம், சின்ன வயசுல நிலாவுக்குப் போற கதையைப் படிச்சுக் கெட்டுப்போன ஆளுக. பத்து, ஒம்பது, எட்டுன்னு எண்ணுதானுவளே, அது எங்கன வந்துச்சு? சினிமாவுல. படம் பாக்குறவன் சீட்டு நுனிக்கு வரணும்னு ஒருத்தன் எண்ண வச்சான். அதைப் பாத்து நெசமான ராக்கெட்காரனும் எண்ண ஆரம்பிச்சுட்டான். ஏலே, நீ என்னத்தத்தான் படிச்சே?"

நான் பி.காம். படித்திருந்தேன். அதில் இதெல்லாம் வரவில்லை. பிற்பாடு தேடிப் பார்த்தேன். எரிச்சலான விஷயம், மனுஷன் சொன்னது சரியாக இருந்தது.

கொள்கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரிப்பேர் முடிந்த தறி எதையும் அவர் சும்மா ஓட்டமாட்டார். பத்திலிருந்து எண்ணுவார். பூஜ்யம் வரும்வரை யாரும் ஸ்விட்சைத் தொடக்கூடாது. ஒருநாள் முதலாளியே வந்து பக்கத்தில் நின்றார். மண்டலம் நிதானமாக எண்ணி முடித்து ஸ்விட்சைப் போட்டார். தறி அசையவில்லை. முதலாளி அவரைப் பார்த்தார். அவர் தறியைப் பார்த்தார்.

"ராக்கெட் லாஞ்ச் தள்ளிப்போயிருக்கு மொதலாளி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அய்யனார் கோவிலுக்கு யூனிட்டிலிருந்து பொங்கல் வைக்கப் போனபோதும் இதே கூத்துதான். எல்லோரும் அருவியில் குளித்தோம். அவர் மட்டும் கையில் ஸ்பேனரும் ஒரு போல்ட்டும் நட்டுமாகத் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி எழுந்தார். விண்வெளிக்குப் போகிறவர்கள் தண்ணீருக்குள்தான் பழகுவார்களாம். மூன்றாம் முறை எழுந்தபோது ஸ்பேனர் கையில் இல்லை. கரையிலிருந்த காட்டிலாகாக்காரர், "யோவ், உள்ள என்னத்தய்யா கழட்டுதே?" என்று சத்தம் போட்டார். அருவியைக் கழற்றிக் கொண்டுபோய்விடுவார் என்று பயந்திருக்கலாம். ஸ்பேனர் யூனிட்டுடையது என்பதால் எனக்கும் கொஞ்சம் பயமாக இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு முதலாளி அவரை ஏன் வைத்திருந்தார் என்றால், டீ நேரத்துக் கதைக்காகத்தான். டீ நேரத்தில் மண்டலம் ஒரு தொடர்கதை சொல்வார். எழுதி வைத்ததெல்லாம் கிடையாது. டம்ளரில் டீ இருக்கும்வரை கதை ஓடும். கடைசி மடக்கில் யாராவது ஆபத்தில் மாட்டிக்கொள்வார்கள். மறுநாள் லீவு போட்டால் அவர்கள் கதி என்ன ஆனது என்று தெரியாமல் போய்விடும். அதனால் யாரும் லீவு போடுவதில்லை. சம்பந்தி வீட்டு விசேஷத்தைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள்.

கதையில் வரும் எல்லோருக்கும் எங்கள் யூனிட் ஆட்களின் பெயர்தான். வில்லனுக்கு மட்டும் ரொம்ப நாள் பெயரில்லாமல் இருந்தது. சூப்பர்வைசர் ஒருவர் பெண்களிடம் எரிந்து விழுந்த வாரத்தில் அதுவும் கிடைத்தது.

மடிப்பு செக்‌ஷனில் கோமதி என்று ஒரு பெண். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மதுரைக்குப் போய், வழியெல்லாம் வாந்தியெடுத்து, அதற்குமேல் உலகம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். சத்தமாகப் பேசவே மாட்டாள். அவள் ஒருநாள் துணியை மடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, எம் பேரையும் எங்கனயாவது சேத்துக்கோங்க" என்றாள்.

மண்டலம் அவளை நிலாவுக்குப் போகும் கப்பலுக்குக் கேப்டனாக்கிவிட்டார்.

"வாந்தி வராதா அண்ணாச்சி?"

"ஒனக்கு வராது" என்றார், டாக்டர் மாதிரி.

அன்றைக்குப் பிறகு கோமதியின் நடையே மாறிவிட்டது. கண்டக்டரிடம் மீதிச் சில்லறையை வாய்விட்டுக் கேட்டாள் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள்.

கேப்டன் கோமதி நிலாவின் தெற்குப் பக்கம் போய் இறங்கினாள். கப்பல் பழுதானது. திரும்ப வழியில்லாமல் நின்றாள். இது வழக்கமான ஆபத்துதான். மண்டலம் எப்படியும் காப்பாற்றிவிடுவார். ஆனால் அந்தச் சமயம் பார்த்து நம் நாட்டு விண்கலம் ஒன்று நிஜமாகவே நிலாவின் தெற்குப் பக்கம் இறங்கப் போய்க்கொண்டிருந்தது. மண்டலத்துக்கு ஆசை வந்துவிட்டது. கோமதி அதில் ஏறித் திரும்பி வருவாள் என்று அறிவித்தார்.

"அதுல ஆளு ஏற முடியாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கே அண்ணாச்சி" என்றேன்.

"டவுன் பஸ்ல மட்டும் எடம் இருந்தா ஏறுதோம்? ஒண்டிக்கிடுவா."

அந்த விண்கலம் இறங்கவில்லை. தரைக்குக் கொஞ்சம் மேலே வரும்போது தொடர்பு அறுந்துவிட்டது என்று காலையில் டி.வி.யில் சொன்னார்கள். அன்றைக்கு டீ நேரம் வந்தது. மண்டலம் டம்ளரைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. "நான் என்ன செய்ய? கலமே போச்சே. அவகிட்ட இருக்கிற காத்து இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுத் தறிப் பக்கம் போய்விட்டார். நடக்க முடியாததை அவர் கதையில் சொல்லமாட்டார். அது அவருடைய சட்டம்.

கோமதி ஷிப்டு முடியும்வரை தலை நிமிராமல் துணி மடித்தாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல். ஊரெல்லாம் அப்போது காய்ச்சல்தான். டாக்டரைக் கேட்டிருந்தால் வைரஸ் என்று சொல்லியிருப்பார். டாக்டரை யார் கேட்டார்கள்? உயிரோடு இருக்கிற பெண்ணின் பெயரை வைத்து, அவளை மூச்சுக்கு வழியில்லாமல் விட்டுவிட்டு வந்தால் வேறென்ன ஆகும் என்று யூனிட் முழுக்கப் பேச்சு. மண்டலத்திடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ நேரத்தில் தனியாக நின்றார்.

அடுத்த நாள் கோமதியின் மாமியார் வந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அந்த அம்மா பேசியது கேட்டது.

"எவன்யா இங்க சந்திரமண்டலம்? எம் மருமவள நிலாவுல விட்டுட்டு நீரு இங்க டீ குடிக்கீரா?"

முதலாளி ஓடிவந்தார். "யாரை எங்கப்பா விட்டாங்க?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். வந்தது.

"அம்மா, அந்தக் கலம் எறங்கலையே. எறங்கியிருந்தா நான் ஏத்திவிட மாட்டேனா?" என்றார் மண்டலம். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது பேக்கிங் செக்‌ஷன் இசக்கியம்மாள் அக்கா முன்னால் வந்தார். "ஏன் அண்ணாச்சி, கதையிலதான் மொதல்ல நடக்கும்னு இம்புட்டு வருசமா நீங்கதான சொல்லுதீக? இப்ப எதுக்கு வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கீக? அவியளுக்கு எறக்கத் தெரியல. நீங்க மொதல்ல எறக்கிக் காட்டுங்க. பொறவு அவிய அதைப் பாத்து எறக்கட்டும்."

 தன்னுடைய கொள்கையைத் தன்னைவிடப் பலமாக நம்புகிற ஆட்கள் இருப்பார்கள் என்று மண்டலம் நினைத்ததே இல்லை.

ஷிப்டு முடிந்ததும் மடிப்பு செக்‌ஷனும் பேக்கிங் செக்‌ஷனும் அப்படியே டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கோயில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கோமதி போர்வைக்குள் இருந்தாள். மண்டலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு விண்கலத்தை நிலாவுக்குக் கிளப்பினார்.

"வேகமா வருது..."

"மெதுவா, மெதுவா! ஒடம்புக்கு முடியாத புள்ள" என்றார் மாமியார்.

மண்டலம் வேகத்தைக் குறைத்தார். "போன தடவை ஏன் விழுந்துச்சு? எனக்குத் தோணுறதைச் சொல்லுதேன். எறங்கக் குறிச்ச எடம் சின்னது. அதுக்குள்ளதான் எறங்கணும்னு அவசரத்துல பொரண்டிருக்கும்."

"கலத்துக்குக் காலைத் தடியா வைக்கச் சொல்லுங்க. நம்ம துணி சுத்துற ரோல் ஸ்டாண்டு காலு மெலிசா இருந்தா நிக்குமா?" என்றார் இசக்கியம்மாள். மண்டலம் காலைத் தடியாக்கினார். ஒருத்தி கீழே பேண்டேஜ் மூட்டை அடுக்கச் சொன்னாள். ஒருத்தி கலத்தின் முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னாள். ஆண்டாளுக்கு மாலை சாத்துவதாக வேண்டிக்கொள்ளலாம் என்றது இன்னொரு குரல். மண்டலம் எதையும் மறுக்கவில்லை. ஆனால் குறித்த இடத்தில் ஒரே பாறையாகக் கிடந்தது. கலம் அந்தரத்தில் நின்றது. அவருக்கு மேற்கொண்டு வழி தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "குறிச்ச எடத்துலயேதான் எறங்கணுமா அண்ணாச்சி? ஸ்டாப்புல எடமில்லன்னா எங்க பஸ்ஸைச் செத்த தள்ளித்தான் நிப்பாட்டுவாக. நான் நடந்து போயி ஏறிக்கிடுதேன்."

 மண்டலம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பத்து" என்றார். "ஒம்பது" என்றோம் எல்லோரும். மாமியாருக்கு இறங்குவரிசையில் எண்ணிப் பழக்கமில்லை. ஒன்றிலிருந்து ஏறுவரிசையில் எண்ணி வந்து எங்களோடு முடித்தார். கலம் கொஞ்சம் தள்ளி இறங்கியது. கோமதி நடந்துபோய் ஏறினாள். திரும்பி வரும்போது கடலில் இறக்கலாம் என்றார் மண்டலம். "அவளுக்கு நீச்சல் தெரியாதுல்லா?" என்று மாமியார் தடுத்துவிட்டார். கடைசியில் சேத்தூர் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் இறக்கினோம். அங்கிருந்து பஸ் வசதி உண்டு.

"வாந்தி வந்துச்சா?" என்றார் மண்டலம்.

"வரல" என்றாள் கோமதி. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். மாத்திரையும் சாப்பிட்டாள் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

சில வருஷம் கழித்து நம்மவர்கள் மறுபடி ஒரு விண்கலம் அனுப்பினார்கள். இந்தத் தடவை கால்களை உறுதியாக்கியிருக்கிறார்கள், இறங்கும் பரப்பையும் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. யூனிட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். யாரும் ஆச்சரியப்படவில்லை.

"கேட்டுக்கிட்டாகளா?" என்றார் இசக்கியம்மாள், காய்கறி விலையை விசாரிக்கிற தொனியில்.

அன்றைக்குச் சொன்ன யோசனைகளில் எலுமிச்சம்பழமும் மூட்டையும்கூட இருந்தன, பேப்பரில் வந்ததெல்லாம் விழுந்த கலத்தை ஆராய்ந்து அவர்களே எடுத்த முடிவு என்று நான் விளக்கினேன். அன்று எனக்கு வந்த டீயில் சர்க்கரை இல்லை.

அது இறங்கிய சாயங்காலம் முதலாளி தறிகளை நிறுத்தச் சொன்னார். பேண்டேஜ் மூட்டை மேல் செல்போனைச் சாய்த்து வைத்து எல்லோரும் கூடி நின்றோம். மண்டலத்தை மட்டும் காணோம். தேடிப் போனேன். நின்றுபோன தறி ஒன்றின் பின்னால் உட்கார்ந்து, ஏற்கனவே இறுகியிருந்த போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, எறங்கப் போவுது."

"நாமதான் எறக்கியாச்சே. பாத்த படத்தை எத்தன தடவைலே பாக்க?"

சொன்னாரே தவிர, ஸ்பேனர் போல்ட்டில் இல்லை. காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே பெண்கள் எண்ணுவது கேட்டது. அவர் உதடும் அசைந்தது. அப்புறம் ஒரே கூச்சல். அதற்கு நடுவே முதலாளியின் தெலுங்கு. அதில் அன்றைக்குக் கோபமில்லை.

கோமதிதான் முதலில் ஓடிவந்தாள். "அண்ணாச்சி! எறங்கிட்டு!"

"நல்லா பாத்தியா? கவுந்துரலையே?"

"கவுந்துரல அண்ணாச்சி. நேரா நிக்கி."

மண்டலம் எண்ணெய்த் துணியால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். கன்னமெல்லாம் கறுப்பு. யாரும் சொல்லவில்லை. அப்படியேதான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.

நான் அந்த யூனிட்டை விட்டு வந்துவிட்டேன். கதைதான் முதலில், வானம் அப்புறம் என்பதை இன்னமும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணாச்சியை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேறு விஷயம். வேலை முடிந்து திரும்பும்போது பஸ் ஜன்னலில் நிலா தெரிந்தால், முன்பெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். இப்போது, நம் வீட்டுப் பெண் ஒருத்தி கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்த ஊர் மாதிரி இருக்கிறது.