ஸ்வெட்டர் அக்காவின் அண்டார்டிகா

சித்திரை மாதத்துத் திருச்சியில், ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், கழுத்துவரை பட்டன் போட்ட கம்பளி ஸ்வெட்டரோடு பயணம் செய்த ஒரே மனித ஜீவன் எங்கள் ஸ்வெட்டர் அக்காதான். மலைக்கோட்டைப் பாறையே வியர்ப்பது போலத் தெரியும் வெயிலில், நெற்றியில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இறங்குவார்.

ஒருநாள் கண்டக்டர் கேட்டேவிட்டார். "காய்ச்சலாம்மா?"

"இல்லைப்பா. அண்டார்டிகா படிச்சிண்டிருக்கேன்."

கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். இரண்டு சீட் தள்ளி நின்ற நான், அக்காவை முன்பின் பார்த்திராதவனைப் போல ஜன்னல் வழியாகக் காவிரியை ரசித்துக்கொண்டிருந்தேன்.

"அதோ நிக்கறாரே, அவர்தான் எங்க டீம் லீடர். அவருக்கும் சேத்து டிக்கெட் கொடுங்கோ" என்றார் அக்கா. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எப்படி லீடர் ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங்கை அரியர்ஸோடு குடும்பம் நடத்தி ஒருவழியாக முடித்துவிட்டு, துவாக்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் போல்ட்டுகளை வெறித்துப் பார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். கம்பெனி மூடியதும், கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த அப்பா, "வாய் மட்டும் நல்லாத்தான் இருக்கு. வாத்தியாராவாவது போ" என்று பி.எட். சேர்த்துவிட்டார். அந்த வாயை நம்பித்தான் வகுப்பிலும் என்னை லீடர் ஆக்கினார்கள். என் குழுவில் பாலக்கரை ஜமாலும் ஸ்வெட்டர் அக்காவும். அப்போது அவருக்கு ஸ்வெட்டரும் கிடையாது, அந்தப் பெயரும் கிடையாது. ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து வரும், எங்களைவிட மூத்த, அமைதியான ஒரு மாணவி. அவ்வளவுதான்.

ஒவ்வொரு குழுவும் ஒரு கண்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் மலை, ஆறு, சமவெளி, பாலைவனம் எல்லாவற்றையும் ஆராய்ந்து, மாடல் செய்து, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் விளக்க வேண்டும். இதில் தேறாவிட்டால் இன்னொரு வருடம். அந்தச் செய்தியை அப்பாவிடம் கொண்டுபோகும் தைரியம் எனக்கு இல்லை.

மற்றவர்கள் ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் அடித்துக்கொண்டபோது நான் கம்பீரமாக எழுந்து அண்டார்டிகாவைக் கேட்டு வாங்கினேன். வெளியே வந்ததும் என் ராஜதந்திரத்தை விளக்கினேன்.

"ஆறு கிடையாது, மலை கிடையாது, பாலைவனம் கிடையாது. ஒரு தெர்மாகோலை வட்டமா வெட்டினா கண்டம் ரெடி. ஒரு பென்குயின் நிக்க வெச்சோம்னா டிஸ்டிங்ஷன்."

ஜமால் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "மாப்ள, நீ லீடர்டா."

அக்கா மட்டும் நேராக லைப்ரரிக்குப் போனார். இரண்டு நாள் கழித்து ஸ்வெட்டரோடு வந்தார்.

"என்னக்கா இது?"

"படிக்கப் படிக்கக் குளிர்றது" என்றார். கிண்டல் இல்லை. கையில் நிஜமாகவே மயிர் கூச்செறிந்திருந்தது. "நீங்க சொன்னதுல ஒண்ணுகூடச் சரியில்லை, லீடர். உலகத்துலயே பெரிய பாலைவனம் அதுதான். மழையே கிடையாதாம். எரிமலை இருக்கு. ஐஸுக்கு அடியில ஏரி இருக்கு. கோடையில மட்டும் கொஞ்ச நாள் ஓடற ஆறுகூட இருக்கு."

"நம்ம காவிரி மாதிரின்னு சொல்லுங்க" என்றான் ஜமால்.

"மலைத்தொடர் இருக்கு. முழுசா ஐஸுக்குள்ள புதைஞ்சது. இதுவரைக்கும் ஒருத்தரும் கண்ணால பார்த்ததில்லை." இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் தாழ்ந்துவிட்டது, ஏதோ சந்நிதியில் நிற்பதுபோல.

அன்றோடு என் ராஜதந்திரம் முடிந்தது.

அதன்பிறகு அக்காவோடு வெளியே போவதே ஆபத்தாகிவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டு நின்றார்.

"மேடம், மூடுங்க. கூலிங் போயிடும்" என்றார் கடைக்காரப் பெண்.

"ஒரு நிமிஷம் இரும்மா. பனி எப்படிப் படியறதுன்னு பாத்துண்டிருக்கேன். கீழ இருக்கறது அழுந்தி அழுந்திக் கண்ணாடி மாதிரி ஆயிடுத்து பாரு."

நான் பிஸ்கட் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா விடவில்லை. "லீடர், இங்க வாங்கோ, பனிப்பாறை நகர்றது." கடைசியில் மானத்தைக் காப்பாற்ற உறைந்த பட்டாணி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வெளியேறினேன். வீட்டில் அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

மாடல் வேலை ஜமால் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் களிமண்ணால் கண்டத்தைச் செய்து, மேலே சிமென்ட் பூசி, தேர்வன்று அதன்மேல் நிஜ ஐஸை நொறுக்கிப் போடுவது என்று முடிவாகியிருந்தது. ஐஸுக்கு ஜமாலின் மீன் வியாபாரி மாமாவிடம் சொல்லியாயிற்று. ஆனால் அக்கா ஐஸுக்கு அடியில் வரப்போகும் மலைகளை ஒவ்வொன்றாக ஊசியால் கீறிச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

ஜமாலின் அம்மா டீயோடு ஏறி வந்து பார்த்தார். "யா அல்லாஹ், இந்த வெயில்ல ஸ்வெட்டரோட மண்ணு பிசையிறியேம்மா. உனக்குத் தலைய கிலைய சுத்தலியா?"

"இங்க மைனஸ்ல இருக்கு மாமி. டீயைக் கொடுங்கோ, நன்னா இருக்கும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, மேல ஐஸ் போட்டா எல்லாம் மூடிடும். யார் பாக்கப் போறாங்க?"

அக்கா ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார். "எங்க ஊர்ல பெருமாள் புறப்பாட்டுல முன்னழகு சேவிச்சப்பறம் பின்னழகும் சேவிப்போம். அலங்காரம் பண்றவா, முதுகுப் பக்கம் யார் பாக்கப் போறான்னு விட்டுடறாளா?"

ஏதாவது உதவியாவது செய்வோம் என்று, "மேற்குப் பக்கம் ஒரே பள்ளமா போயிடுச்சு. பூசி மேடாக்கிடவா?" என்று சிமென்ட்டைக் குழைத்துக்கொண்டு போனேன். அக்கா என் கையில் ஒரு அடி போட்டார்.

தேர்வு நாள் வந்தது. ஜமால் வண்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தேன். பாலக்கரை சிக்னலுக்குள் இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. கல்லூரியில் இறங்கியபோது என் பேன்ட் இருந்த கோலத்தைப் பார்த்து, வாட்ச்மேன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐஸைப் பரப்பியதும் தாம்பாளத்தில் கண்டம் ஜொலித்தது. ஆனால் தேர்வாளர் வரவில்லை. கொள்ளிடம் பாலத்தில் டிராஃபிக் என்றார்கள். பிறகு கரண்ட் போனது. ஃபேன் நின்றது. அண்டார்டிகா உருக ஆரம்பித்தது.

நான் சாக்கைப் போர்த்தினேன், நோட்டால் விசிறினேன். விசிற விசிற இன்னும் வேகமாக உருகியது. ஜமால் இன்னொரு பாளம் வாங்கப் பறந்தான். மாமா கடையைச் சாத்திவிட்டு எங்கோ போயிருந்தார். தேர்வாளர் அம்மா உள்ளே நுழைந்தபோது எங்கள் மேஜையில் ஐஸ் என்று சொல்ல ஓரிரு துண்டுகளே மிதந்தன. நான் இன்னொரு வருடத்தையும் அப்பாவின் முகத்தையும் ஒருசேரக் கண்டேன்.

"இதுதான் அண்டார்டிகாவா? ஐஸ் எங்க?" என்றார் அந்த அம்மா.

என் புகழ்பெற்ற வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அக்கா ஓரடி முன்னால் வந்தார். "ஐஸ் போயிடுத்து மேடம். அதனால இப்போ சேவிக்கலாம். இதோ, கண்டத்தைக் குறுக்கே ரெண்டா பிரிக்கற மலைத்தொடர். இந்தப் பக்கம் கிழக்கு. அங்க புதைஞ்சிருக்கற இந்த இன்னொரு மலையை இதுவரைக்கும் ஒருத்தரும் கண்ணால பாக்கலை. ரேடார்ல அளந்துதான் இருக்குன்னே தெரியும்."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"மேற்குல பாருங்கோ. தரை கடல் மட்டத்துக்கும் கீழ. ஐஸ் உருகினா அங்க கண்டமே இல்லை, தீவுகள்தான்."

பார்த்தேன். நான் பூசி மேடாக்கப் போன அதே பள்ளங்களில் உருகிய தண்ணீர் நிறைந்து, நடுவே குட்டிக் குட்டித் தீவுகள் நின்றன. மற்ற குழுக்கள் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் அப்படியே போட்டுவிட்டு எங்கள் மேஜையைச் சுற்றி நின்றன. தேர்வாளர் அம்மா தாம்பாளத்தைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நல்லா இருக்கு. இதுல உங்க பங்கு என்ன?"

"ஐஸ், மேடம்" என்றேன்.

அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு என் பேன்ட்டைப் பார்த்தார். "ம். தெரியுது" என்றார்.

மூன்று பேரும் தேறினோம். அப்பாவுக்கு இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை. ஜமால் துபாயில் ஒரு பள்ளியில் இருக்கிறான். நான் கைலாசபுரத்துப் பக்கம் பாடம் நடத்துகிறேன். அக்கா மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வகுப்பில் ஆப்பிரிக்கா நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய சப்பாத்தியை இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் பிடித்து மெல்ல இழுத்தார்கள். நடுவில் விரிசல் விட்டது. "அவசரப்படாதீங்கோ, பிளவுப் பள்ளத்தாக்கு உருவாகக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும்" என்றார் அக்கா. என்னைக் கண்டதும், "வாங்கோ லீடர், கடைசி பெஞ்சு காலியா இருக்கு" என்றார். அவ்வளவுதான், பாடம் தொடர்ந்தது.

உட்கார்ந்தேன். நான் பிடிக்க வேண்டிய திருச்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது பிறகுதான் உறைத்தது. அடுத்த பஸ் வந்தபோது சத்தம் நன்றாகவே கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.